ஒலிநூலுக்கு ஊர்க்குரல் வேண்டும்

செவிவழி நூல் கற்பது எங்கள் களுதாவளைக்குப் புதிய செய்தியன்று. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே வெற்றிலைத் தோட்டங்கள், நடுநாயகமாகச் சுயம்புலிங்கப் பிள்ளையார் என்று அமைந்த ஊர் இது. ஈழத்துப் பிள்ளையார் கோயில்களில் பெருங்கதை விரதம் வந்தால் 21 நாட்கள் பிள்ளையார் கதை படிப்பார்கள். புராண படனத்தில் ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படும். எழுத்தறியாத மூதாட்டிக்கும் கதை முழுவதும் தெரியும். இவையே எங்களின் முதல் ஒலிநூல்கள்.

கோயில் முற்றத்துக்கு அடுத்து அந்தப் பணியைச் செய்தது இலங்கை வானொலி. 'இசையும் கதையும்' கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. ராஜேஸ்வரி சண்முகம் 2012ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய குரல் இன்னும் எங்கள் காதுகளில் இருக்கிறது. அச்சுப்படி திருத்தியே களைத்த என் கண்களுக்கு இப்போது இரவில் துணை ஒலிநூல்களே.

தொடங்க விரும்புவோருக்கு இரு வழிகளைப் பரிந்துரைக்கிறேன். இரண்டும் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே செல்கின்றன. பாம்பே கண்ணன் உருவாக்கிய பதிப்பு பல குரல்களும் பின்னணி இசையும் கலந்த வானொலி நாடகத்தின் உறவுக்காரன். பாத்திரங்களை மறந்துபோகிறவர்களுக்கு அது உகந்தது. 'கதை ஓசை' தீபிகா அருண் தனியொருவராக வாசிப்பவர். ஒற்றைக் குரலில் கேட்கும்போது ஆசிரியரின் வாக்கியம் முன்னே நிற்கும். நடிப்பு பின்னே ஒதுங்கும். என் மனம் இந்த இரண்டாவது வகையையே நாடுகிறது. பவா செல்லதுரை கதை சொல்வதையும் பலர் ஒலிநூல் என்கின்றனர். அது அருமையான கலைதான். ஆயினும் கதை சொல்பவர் தம் சொற்களால் சொல்கிறார். நூல் வாசிப்பவருக்கோ அந்த உரிமை கிடையாது. ஆசிரியர் வைத்த சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டவர்.

எல்லோரும் கல்கியையே வாசிப்பது ஏன் என்று கேட்கலாம். கல்கியை மக்கள் விரும்புவது ஒரு காரணம். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியதால் எவரும் அனுமதி கேளாமல் பதிவுசெய்யலாம் என்பது மற்றொன்று. எங்கள் எழுத்தாளரின் நூல்களுக்கு அவ்வசதி இல்லை. இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளிடமே இருக்கும். பார்வையற்றோருக்காக அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்ய வழிதிறக்கும் மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்தது. ஏனையோருக்கான பதிவுக்கு வாரிசுகளைத் தேடிப்போய்க் கேட்கத்தான் வேண்டும்.

மூதூர் வ.அ.இராசரத்தினத்தின் 'தோணி', நீலாவணனின் 'வேளாண்மை', விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' ஆகியவை என் விருப்பப் பட்டியலில் முதலில் நிற்பவை. நான் கேட்ட ஒலிநூல்களுள் இவற்றில் ஒன்றேனும் இல்லை. இவற்றை யார் வாசிப்பது என்பதுதான் என் கவலை. சென்னைக் கலையகத்தில் பயின்ற குரல் எவ்வளவு இனியதாயினும், 'மனே' என்று ஒரு தாய் அழைக்கும் இடத்தில் அதிலுள்ள பரிவையும் கண்டிப்பையும் பிரித்தறிவது கடினம். 'மறுகா' என்ற சொல்லைக் கண்டால் அச்சுப்பிழையோ என்று தயங்கக்கூடும். 'பிறகு' என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். இயந்திரக் குரல் எழுத்தை ஒப்புவிக்கும். 'என்ன கா' என்பதன் நெளிவை அது எவரிடம் கற்கும்?

இது வட்டார அபிமானம் மட்டுமன்று. இலண்டனிலும் டொரொன்டோவிலும் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், எழுத்துத்தான் தெரியாது. அவர்களுக்கு அம்மம்மாவின் பேச்சு இலக்கியத்திலும் உண்டு என்று காட்டுவதற்கு ஒலிநூலைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சை அதன் இயல்பில் வாசிக்கக்கூடிய முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பிரித்தானியாவில் 1935இல் பார்வையற்றோருக்கான பேசும் நூல் சேவை தொடங்கியது. முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களின் தேவையே அதற்குத் தூண்டுகோல். எங்களுக்கும் தேவை கண்முன்னே நிற்கிறது. 2005 முதல் ஈழத்து அச்சுநூல்களை எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலகம் திட்டம், தன்னார்வலர் முயன்றால் எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சான்று. குரலுக்கும் அவ்வாறு ஒரு முயற்சி வேண்டும்.

பெரிய கலையகம் வேண்டியதில்லை. அமைதியான ஓர் அறை, ஒரு கைத்தொலைபேசி, வாரிசுகளின் எழுத்துமூல அனுமதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆகியவை போதும். நூலின் பெயருக்கும் ஆசிரியரின் பெயருக்கும் அடுத்து வாசித்தவரின் பெயரையும் மறவாமல் போடுங்கள். கோயிலில் படித்தவர் யார், பயன் சொன்னவர் யார் என்பதை எங்கள் ஊர் என்றும் நினைவில் வைத்திருந்தது.