டெலிபோன் வைத்தியம் சரி. பாட்டியின் குரல் எங்கே?

டாக்டரைப் பார்க்க இப்போது பஸ் ஏற வேண்டியதில்லை. டோக்கன் வாங்கிக் கொண்டு பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும். மருந்துச் சீட்டு போனுக்கே வந்து விடுகிறது.

நல்ல வசதிதான். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் செல்போனைப் பிடித்திருக்கும் கை யாருடையது? இதை யார் கேட்கிறார்கள்?

நடக்க முடியாத முதியவர், பக்கவாதத்தில் படுத்தவர், மறதி நோய்க்காரர், மனவளர்ச்சி குன்றியவர்... இவர்கள் தாங்களாகவே போன் போடுவதில்லை. மகனோ, மருமகளோ, பேரனோ, சம்பளத்துக்கு வந்த ஆளோதான் போட்டுக் கொடுக்கிறார்கள்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்பார். "நல்லாத்தான் இருக்காங்க டாக்டர். ராத்திரியிலேதான் எங்களைத் தூங்க விட மாட்டேங்கிறாங்க. தூக்கத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று பதில் வரும்.

பதில் சொன்னது நோயாளி அல்ல!

பெரும்பாலான வீடுகளில் அந்தப் பதில் உண்மையாகவே இருக்கும். ஆனால் சில வீடுகளில், பாட்டி ராத்திரியில் கூப்பிடுவது பசியால் இருக்கலாம். முதுகில் படுக்கைப் புண் இருக்கலாம். யாராவது அடித்திருக்கலாம். பென்ஷன் பணம் கைமாறுவதை அவர் தட்டிக் கேட்டிருக்கலாம். அவரைச் சத்தம் போடாமல் படுக்க வைக்க ஒரு மாத்திரை தேவைப்படுகிறது. அதை டாக்டர் கையாலேயே எழுதி வாங்கி விடுகிறார்கள்.

திரைச்சீலை இல்லாத ஆஸ்பத்திரி

நேரில் போனால் கதை வேறு. நடந்து வரும்போதே டாக்டர் பார்க்கிறார். எடை குறைந்தது தெரிகிறது. சட்டையை விலக்கினால் காயம் தெரிகிறது. "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று நர்ஸ் சொல்கிறார். திரைச்சீலையை இழுத்து மூடுகிறார்கள். வீட்டில் வாய் திறக்காதவர் அந்த ஒரு நிமிஷத்தில் பேசி விடுகிறார்.

போனில் திரைச்சீலை கிடையாது. காது மந்தம் என்று ஸ்பீக்கரை வேறு போட்டு விடுகிறார்கள். டாக்டர் கேட்பதும் பாட்டி சொல்வதும் வீடு முழுக்கக் கேட்கிறது. அடித்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது, "என்னை அடிக்கிறாங்க" என்று யார் சொல்வார்?

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் டெலிமெடிசினுக்கு விதிமுறைகள் உண்டு. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே அவை வெளியாகின. நோயாளி யார் என்பதை டாக்டர் உறுதி செய்ய வேண்டும். நோயாளியின் சம்மதம் வேண்டும். போதை மருந்துகளையும் "எக்ஸ்" அட்டவணை மருந்துகளையும் இந்த வழியில் எழுதக் கூடாது. நேரில் வருகிறேன் என்று சொல்பவரை, போனில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள்.

கூட இல்லாத நோயாளிக்காக வேறொருவர் பேசினால், நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அல்லது குடும்ப உறவு உறுதியாக வேண்டும். இதுவும் சரி.

ஆனால், மறதி நோயாலோ உடல் ஊனத்தாலோ இயலாமல் போனவர் என்றால் அந்தக் கடிதம் தேவையில்லை. கவனித்துக் கொள்பவரே அனுமதி பெற்றவராகக் கருதப்படுவார்!

காரணம் புரிகிறது. கையெழுத்துப் போட முடியாதவரிடம் கடிதம் கேட்க முடியாது. ஆனால் விளைவு என்ன? யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவர் வீட்டுக் கதவுதான் அகலத் திறந்து கிடக்கிறது.

ஒரு நிமிஷம் போதும்

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு நிமிஷம் போதும்.

முதியவர், ஊனமுற்றவர், மனநோயாளி யாராக இருந்தாலும், டாக்டர் அவரோடு ஒரு நிமிஷம் தனியாகப் பேச வேண்டும். ஸ்பீக்கரை அணைத்து விட்டு, காதில் மாட்டும் இயர்போனில் பேச வேண்டும். "தாராளமாப் பேச முடியுமா? வீட்டிலே பயமா இருக்கா? ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேள்வி தெரியாது.

பேசவே முடியாத நிலைக்கும் ஒரு வழி உண்டு. 2020-ல் கனடாவில் ஒரு பெண்கள் அமைப்பு வீடியோ பேச்சுக்கென்றே ஒரு சைகையைப் பரப்பியது. உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை மடக்கி, மற்ற விரல்களால் அதை மூட வேண்டும். "உதவி வேண்டும்" என்று அர்த்தம். போனில் வைத்தியம் பார்க்கும் ஒவ்வொரு டாக்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டாமா?

தொடர்ந்து இரண்டு முறை நோயாளியின் முகமோ குரலோ வராவிட்டால், மூன்றாம் முறை மருந்து எழுதக் கூடாது. நேரில் அழைத்து வரச் சொல்ல வேண்டும். வர முடியாதவர் வீட்டுக்கு நர்ஸ் போக வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி மாத்திரை கொண்டு போனார்கள். மாத்திரை போன வீட்டுக்குள் ஒரு கேள்வியும் போகலாம்.

பிள்ளைகளைச் சந்தேகிப்பதா?

"ராப்பகலா மலமூத்திரம் அள்ளிக் கொட்டுறோம். எங்களையா சந்தேகப்படுறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

பஸ்ஸில் கண்டக்டர் எல்லோரிடமும்தான் டிக்கெட் கேட்கிறார். யாரும் கோபித்துக் கொள்வதில்லை. சிலரை மட்டும் கேட்டால்தான் அவமானம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நல்ல பிள்ளைக்கு என்ன நஷ்டம்?

தெரிந்தால் யாரிடம் சொல்வது?

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பது, 2012 போக்சோ சட்டப்படி குற்றம். முதியவருக்கு நடக்கும் கொடுமைக்கு அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் விஷயம் வெளியே வந்தால்தானே சட்டத்துக்கு வேலை?

"நமக்கு எதுக்கு வம்பு, கோர்ட்டு கேஸுன்னு அலையணும்" என்று டாக்டர் ஒதுங்கக் கூடாது. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம், பெண்களுக்கு நடக்கும் கொடுமை பற்றி நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர் மீது வழக்குப் போட முடியாது என்று காப்பு கொடுத்திருக்கிறது. அதே காப்பை எல்லா முதியவர்கள் விஷயத்திலும் கொடுத்து, தகவல் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181. இந்த இரண்டு உதவி எண்களும் டாக்டர் மேஜையில் மட்டுமல்ல, மருந்துக் கடையிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். ஒரே வீட்டுக்கு மாதம் முடியுமுன்னே மறுபடியும் தூக்க மாத்திரை போவது, முதலில் கடைக்காரர் கண்ணில்தான் படும்.

மறுமுனையில் யார்?

எச்சரிக்கை இன்னொரு பக்கமும் தேவை. போனில் பேசுபவர் நிஜ டாக்டர்தானா? மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருந்தாக வேண்டும் என்பது விதி. எண் சொல்ல மறுப்பவரிடமும், ஓ.டி.பி. கேட்பவரிடமும், வேண்டாத போட்டோ கேட்பவரிடமும் வைத்தியம் வேண்டாம். போனை வைத்து விடலாம்.

மருந்துச் சீட்டின் மேலே நோயாளியின் பெயர் இருக்கிறது. வயதும் இருக்கிறது. அந்தச் சீட்டை எழுதுவதற்கு முன்னால், அவருடைய குரலையும் ஒரு முறை டாக்டர் காதில் வாங்கட்டும்.