ஒரு சொட்டு ஈரம்



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை. பசியாறிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் தம் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பையன் என்னிடம் படித்தவன். இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம்.

“சார், நீங்க சொன்னாத்தான் இவன் கேப்பான். வீட்டுக்குப் பின்னால உலை போட்டு அலுமினியம் காய்ச்சுறான். நேத்து கண்ணே போயிருக்கும்” என்றார். அவர் குரல் நடுங்கியது.

பையனின் முழங்கைக்குக் கீழே ஐந்து காசு அளவில் ஒரு தீப்புண். சட்டையில் நாலைந்து பொத்தல்கள். நடந்தது இதுதான். பால்மாவு டின்னில் குளிர்பான டின்களைப் போட்டு, கரி நெருப்பில் உருக்கியிருக்கிறான். தலைமுடி உலர்த்தும் கருவிதான் அவனுக்குத் துருத்தி. ஆற்று மணலை நன்றாக நனைத்து அச்சு செய்து, அதில் ஊற்றியிருக்கிறான். உலோகம் உள்ளே இறங்காமல் ‘பட்’டென்று மேலே தெறித்துவிட்டது.

திட்டலாம் என்று வாயெடுத்தேன்; முடியவில்லை. நீர் ஆவியானால் விரியும் என்று ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே! கெண்டியின் மூடி ஆடுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்த மூடி ஒரு நாள் இவன் முகத்துக்கு நேரே பறக்கக்கூடும் என்று நான் சொல்லவில்லை. ஆகவே, உலையை உடைக்க நினைத்த தகப்பனாரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஆகவே, நாங்கள் இருவரும் அந்த ஒரு வாரத்தில் செய்தவற்றை இங்கே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கில் ஏராளமாகத் தோண்டியெடுத்த வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அலுமினியத்துக்கு 660 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டு நீர் உலோகத்துக்கு அடியில் சிக்கினால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மேலே இருக்கும் உலோகத்தைத் தூக்கி எறிந்துதான் அந்த இடத்தைப் பெறும். இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. உருகிய அலுமினியம் பகல் வெளிச்சத்தில் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. வெள்ளி நீர் போல அமைதியாகக் கிடக்கும்.

முதலில் இடம். கூரையில்லாத வெளியில், மழைக்குறி இல்லாத நாளில் மட்டுமே செய்ய வேண்டும். சிமெண்டுத் தரை ஆகாது. அதற்குள்ளும் ஈரம் உண்டு. சூடான உலோகம் கொட்டினால் தரையே வெடித்துச் சிதறும். காய்ந்த மணலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் உலையை வையுங்கள்.

அடுத்தது பாத்திரம். பால்மாவு டின்னை அன்றே வீசச் சொன்னேன். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் ஓட்டையாகிவிடும். கனத்த இரும்பைக்கூட உருகிய அலுமினியம் சிறிது சிறிதாகத் தின்னும். பத்தர்கள் மூசை என்று சொல்லும் உருக்குக் கிண்ணத்தை வாங்குவதே நல்லது.

குளிர்பான டின்களும் வேண்டாம். மெல்லிய தகடாகையால் பெரும்பகுதி கசடாகிவிடும். பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திர மூடி, பிஸ்டன் ஆகியவை வார்ப்பதற்கென்றே சிலிக்கன் கலந்து செய்தவை. அச்சுக்குள் நன்றாக ஓடும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. துத்தநாகம் பூசிய வாளி, கம்பி எதையும் நெருப்பில் போடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும். உருகியதில் புதுத்துண்டு சேர்க்கும்போது, அதை முதலில் உலையின் விளிம்பில் காய வைக்க வேண்டும். கசடு எடுக்கும் கரண்டிக்கும் இதே விதிதான்.

இங்கே பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான்: “அப்படின்னா மணல் அச்சுல ஈரம் இருக்கே சார்?”

இருக்கிறது. ஆனால் அளவோடு இருக்க வேண்டும். நுண்மணலில் பத்தில் ஒரு பங்கு களிமண் தூள் கலந்து, நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். ஒரு பிடி பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். உடைத்தால் சுத்தமாக இரண்டாக வேண்டும். உள்ளங்கையில் நீர் படியக் கூடாது. அப்போதுதான் மணலின் இடுக்கு வழியே ஆவி வெளியேறும். மெல்லிய கம்பியால் சில துளைகளும் குத்தி வைத்தோம். அவன் முதலில் செய்தது சேறு. ஆவிக்கு அதில் வழியே இல்லை.

உடைக்கு வருவோம். சிலிப்பரோடு உலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. தோல் சப்பாத்து, அதற்கு வெளியே தொங்கும் பருத்திக் காற்சட்டை, தோல் கையுறை, முகத்தை முழுதும் மறைக்கும் கண்ணாடித் தடுப்பு ஆகியவை வேண்டும். உலோகம் கொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மணலால் மூடுங்கள். தோலில் சுட்டுவிட்டாலோ, உலையை விட்டு அப்பால் போய், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இதெல்லாம் வீண் வேலை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர், கரி உலையில் பழைய அலுமினியத்தை உருக்கிக் கடைசல் இயந்திரத்தின் பாகங்களையே வார்க்கும் முறையை 1980களில் நூல்களாக எழுதி வெளியிட்டார்.

நாங்கள் வார்த்தது, பள்ளி அலமாரிக்கு ஒரு கைப்பிடி. பழையது உடைந்து வெகுநாளாகிறது. மரத்தில் மாதிரி செதுக்கியவன் பையன். உலோகம் இறுகும்போது நூற்றில் ஆறு பங்கு சுருங்கும் என்பதால், ஊற்றும் வாயைப் பெரிதாக விட்டோம். முதல் வார்ப்பில் ஊசித் துளைகள் விழுந்துவிட்டன. அளவுக்கு மீறிக் காய்ச்சியதால் உலோகம் வாயுவை உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவது தேறியது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவனுடைய தகப்பனார் வந்தார். அலமாரியை ஒரு முறை திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார். பிறகு, “அடுத்த தடவ எப்ப சார்? நானும் நிக்கிறேன்” என்றார்.

பெற்றோர்களே, உலையை உடைத்திருந்தால் அவன் ஆற்றோரத்தில், யாருமில்லாத இடத்தில் இன்னொன்று கட்டியிருப்பான். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். நெருப்பு தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். ஈரத்தை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.