கோப்பையில் கரைந்த பெயர்

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பரொருவர் எனக்கு ஒரு தேயிலைப் பெட்டி கொணர்ந்தார். 'இங்கிலீஷ் பிரேக்பாஸ்ட்' என்று அதன் மேல் பொன்னெழுத்திற் பொறித்திருந்தது. பதுளையில் வாழ்பவனுக்குத் தேயிலையைப் பரிசளிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் அன்பளிப்பை எள்ளலாகாது. அதனை முறைப்படி சுவைத்து மதிப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை என்று கருதினேன்.

தேயிலைச் சுவைஞர்க்கென ஓர் ஒழுங்கு உண்டு. நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை. மூடியிட்ட வெண்பீங்கானில் 6 நிமிட ஊறல். முதலில் உலர்ந்த இலை, பின்னர் ஊறிய இலை, ஈற்றில் வடித்த சாறு என மூன்றையும் தனித்தனியே நோக்குவர். சாற்றைக் கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு உமிழ்வர். விருந்தில் இழுக்காகும் அவ்வோசை அத்தொழிலில் இலக்கணமாகும். சாறு காற்றோடு கலந்தால்தான் அதன் மணம் முழுமையாகப் புலப்படும். இவ்வொழுங்கைப் பின்பற்றி, நண்பரின் தேயிலையையும் பதுளைக் கடைத்தெருவில் வாங்கிய ஊவாத் தேயிலையையும் அருகருகே வைத்துச் சுவைத்தேன்.

பெட்டித் தேயிலை நன்றாகவே இருந்தது. நிறம் செம்மை, சாறு திடமானது, பாலைக் கலந்த பின்பும் தளரவில்லை. அசாம், இலங்கை, கென்யா முதலிய பல நிலத்து இலைகளைக் கலந்தே இவ்வகைத் தேயிலையை ஆக்குவர். தோட்டத்து இலை வாரத்துக்கு வாரம் மாறும். கலவையோ ஆண்டு முழுதும் ஒரே சுவை தரவேண்டும். இது சிறு திறமையன்று. தோமஸ் லிப்டன் ஒவ்வோர் ஊரின் தண்ணீருக்கும் ஏற்பத் தேயிலையைக் கலந்து விற்றதும் இத்திறமையை அறிந்தே. பத்துக்கு ஏழு புள்ளி இட்டேன்.

ஊவாவின் சாறோ நிறத்தில் சற்று மெலிது. பால் சேர்த்தால் தன் குணத்திற் பாதியை இழந்துவிடும். ஆனால் வெறுஞ்சாற்றை உறிஞ்சியதும் எழும் குளிர்ந்த மணத்துக்கு ஈடு கூறல் அரிது. ஆடி ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவுக்குள் இறங்குகிறது. அவ்வறட்சியில் வாடும் கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் என்னும் மணப்பொருள் மிகுகின்றது. வலிதீர்க்கும் தைலங்களில் நாம் முகர்வதும் அதுவே. செடியின் துன்பமே சாற்றின் சிறப்பாகிறது. இதற்கு ஒன்பது புள்ளி.

புள்ளியிட்ட பின்னர்ப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்நாட்டு இலை, எம்மலைக் கொழுந்து என்ற விவரம் எங்கும் இல்லை. ஊவா அதில் இருக்கலாம், இல்லாதும் இருக்கலாம். லிப்டன் 1890 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அருகே டம்பத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து நோக்கிய குன்று இன்றும் 'லிப்டன் சீற்' என்றே வழங்குகிறது. வாங்கியவரின் பெயர் மலைக்கு வந்துவிட்டது; மலையின் பெயர்தான் பெட்டிக்குச் செல்லவில்லை.

"சுவை நன்றாயின் பெயர் எதற்கு?" என்று வினவுவாரும் உளர். பெயரில்லாப் பொருளை எவரும் எளிதில் மாற்றிவிடலாம் என்பதே என் விடை. இன்று ஊவா, நாளை அதனினும் மலிவான வேறொன்று. குடிப்பவர் அறியார், விளைவித்தவர் கேட்கவும் இயலாது. டார்ஜிலிங் தேயிலை 2004 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் புவிசார் குறியீட்டைப் பெற்றுத் தன் பெயரைச் சட்டத்தாற் காத்துக்கொண்டது. பெயர் காக்கப்பட்டவுடன் கொழுந்து பறிப்பவளின் கூடையில் பணம் நிறைந்துவிடும் என்று நான் கூறவில்லை. எனினும், தன் உழைப்பின் பொருள் இதுவென்று சுட்டிக்காட்ட முடியாதவள், அதற்கு உரிய விலையை எவ்வாறு கேட்பாள்?

பெயரின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஒருநாள் வேலையை அவர்கள் 'பேர்' என்றே வழங்குவர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் அரைப்பேர், கூலியும் பாதி. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சிய நாடற்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நாட்டின் ஏட்டில் தம் பெயரைத் தேடிய மக்களின் கைப்பொருளே, இன்றும் பெயரின்றி ஊர் ஊராய்ச் செல்கிறது.

ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுவேன். மாணவர்முன் இரு கோப்பைகளை வைத்து, சுவையின் வேறுபாட்டை முதலிற் கேளுங்கள். பின்னர் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். புவியியலும் வரலாறும் அவ்வினாவிலிருந்தே தொடங்கும். கடையில் வாங்கும்போது நாமும் அதே வினாவைக் கேட்போம். கேட்பார் பெருகினால் சொல்வாரும் பெருகுவர்.

நண்பருக்கு நன்றிக் கடிதம் எழுதியாயிற்று. அவர் தந்த தேயிலையின் சுவைக்கு ஏழு புள்ளி என்று மறைக்காமற் குறிப்பிட்டேன். பெயருக்கு மட்டும், எங்கள் தோட்டத்து வழக்கப்படி, அரைப்பேர்தான் போட முடிந்தது.