நின்ற நாடியும் சங்கத்தின் கடமையும்

கிணற்று மோட்டாரிலோ விசைத்தறியிலோ மின்சாரம் தாக்கி ஒருவர் விழுந்தால், சுற்றி நிற்போர் முகத்தில் தண்ணீர் தெளிக்கின்றனர், உள்ளங்காலைத் தேய்க்கின்றனர். இதயம் நின்றவருக்கு இவ்விரண்டும் பயனற்றவை. இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். 108 வண்டியை உடனே அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அது வரும்வரை பிராணன் காத்திராது.

இடைக்காலத்தில் செய்யத்தக்கது மார்பை அமுக்குதல். 1960-இல் இம்முறையை வெளியிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் மூவருள் முதல்வரான கோவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். மின்கம்பித் தொழிலாளரின் மரணங்களே அவரை இத்துறைக்கு இழுத்தன. ஆகவே, ‘இது டாக்டர் வேலை’ என நாம் ஒதுங்குவதை நான் ஏற்பதற்கில்லை.

முதலில் மின்சாரத்தை நிறுத்துக. அதற்குமுன் தொட்டால் இருவர் விழுவர். உணர்வின்றி, மூச்சும் இயல்பாக இல்லையெனில், கெட்டித் தரையில் மல்லாத்துக. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் கைமேல் கை வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குலம் அமுக்குக. ஒவ்வொரு முறையும் மார்பு மீண்டெழ விடுக. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. தறியோட்டுபவருக்குத் தாளக்கணக்குச் சொல்லித்தர வேண்டுமோ? கை சோரும், இரண்டு நிமிடத்திற்கொருமுறை ஆள் மாறவேண்டும். ஒருவரால் நெடுநேரம் ஆகாத இக்காரியம் நால்வர் கூடினால் ஆகும்.

தீக்கு மணல் வாளி மாட்டாத சங்கத்தைக் குறை கூறுகிறோம். இதைப் பற்றிக் கேட்பாரில்லை. வரும் மகாசபையன்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அழைத்து, அங்கத்தினரைப் பழகச் செய்யலாம். செலவு சொற்பமே. பெண் அங்கத்தினரை விட்டுவிடலாகாது. பகலில் வீட்டுத் தறியருகே இருப்பவர் பெரும்பாலும் அவர்களே.