நிரல் மட்டும் போதுமா?

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், பீடோங் நகருக்கு அருகில் உள்ள சிற்றூர் செமிலிங். ஒருபுறம் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். மறுபுறம், 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம். பால் வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி அறிவியல் பயில்கின்றனர். அவர்களுக்குக் குழுமுறை மென்பொருள் செயல்திட்டம் புதியதன்று. குழுவுக்கு நால்வர், ஒரு செயலி, இறுதியில் வகுப்பின்முன் ஒரு படைப்பு. திரையில் செயலி ஓடினால் கைதட்டல் கிடைக்கிறது.

அந்தக் கைதட்டலில்தான் சிக்கல் தொடங்குகிறது. செயலி ஓடினால் வேலை முடிந்தது என்று மாணவர்கள் எண்ணிவிடுகின்றனர். தேவைக் குறிப்பு, வடிவமைப்பு வரைபடம், சோதனைப் பதிவு, கூட்டக் குறிப்பு, பயனர் கையேடு ஆகியவை ஆசிரியருக்காக எழுதப்படும் வெறும் தாள்களாகத் தோன்றுகின்றன. இந்த எண்ணம் தவறானது. நிரலைவிட இவ்வொப்படைப்புகளே மென்பொருளை நம்பத்தக்கதாக்குகின்றன.

தோட்டப்புறத்து மூத்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் அதிகாலைப் பெரட்டில் பெயர் அழைக்கப்படும். கிராணி அதைச் செக்ரோல் புத்தகத்தில் பதிவார். பெயர் பதிவாகாவிட்டால், அன்று எத்தனை மரம் வெட்டியிருந்தாலும் சம்பளக் கணக்கில் அது சேராது. உழைப்பு உண்மையானதாக இருந்தாலும், அதற்குச் சான்றாக நின்றது எழுத்துதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். செமிலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்காக, நாள்தோறும் கிடைக்கும் ரப்பர் பாலைப் பதிவுசெய்யும் செயலி ஒன்றை ஒரு மாணவர் குழு உருவாக்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பதிவுப் பக்கத்தை எழுதுகிறார். அதில் இடப்படும் எடை, வாளியில் உள்ள பாலின் எடை. மற்றொருவர் வருமானக் கணக்கை எழுதுகிறார். அவர் அந்த எண்ணை உலர் ரப்பரின் எடையாக எடுத்துக்கொள்கிறார். பத்துக் கிலோ பாலில் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு கிலோ மட்டுமே உலர் ரப்பர். இருவரின் நிரலும் தனித்தனியே பிழையற்றவை. சேர்த்து ஓட்டினாலும் செயலி நிற்காது. திரையில் அழகான தொகை தோன்றும், வகுப்பும் கைதட்டும். ஆனால், அந்தத் தொகையை நம்பிக் கடன் வாங்கியவர் மாத இறுதியில் என்ன செய்வார்? 'எடை என்பது எது? அலகு எது?' என்று தேவைக் குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறு அன்று. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் ஏவிய செவ்வாய் பருவநிலை ஆய்வுக்கலம், ஒன்பது மாதத்திற்கும் மேலாகப் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23ஆம் நாள் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. உந்துவிசையின் அளவைத் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று பவுண்டு அலகில் கொடுத்தது. அதைப் பெற்ற வழிசெலுத்தும் குழுவோ நியூட்டன் அலகில் படித்தது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. நியூட்டன் அலகைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இரு குழுக்களுக்கும் பொதுவான ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதே வேதனை. ஆவணம் இருந்தது, அதனோடு ஒப்பிட்டு நிரலைச் சோதிக்கும் வேலைதான் சரிவர நடக்கவில்லை. எனவே, தேவைக் குறிப்பையும் சோதனைப் பதிவையும் பிரித்துப் பார்க்க முடியாது. குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை இருக்க வேண்டும்.

குழு பெரிதானால் வேலை எளிதாகும் என்பதும் ஒரு மயக்கமே. ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் பணியொன்றை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில், தாமதமான பணியில் புதிதாக ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று வாதிட்டார். கணக்கு எளிது. நால்வர் ஒருவரோடு ஒருவர் பேச 6 இணைப்புகள் போதும். எண்மர் ஆனால் 28 தேவை. வாய்மொழியாகச் சொன்னதை யார் நினைவில் வைத்திருப்பார்? கூட்டக் குறிப்பு இங்கேதான் உதவுகிறது. யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார், எந்த நாளில் முடித்தார் என்பது அதில் இருந்தால், ஒருவர் இரவெல்லாம் விழித்து உழைக்க மூவர் புள்ளி மட்டும் பெறும் அநீதியும் வெளிச்சத்துக்கு வரும்.

இதற்கு எதிராக மாணவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பல வேளைகளில் அறிக்கையின் தடிமனைப் பார்த்துப் புள்ளி வழங்கப்படுகிறது. அதனால், நிரலை எழுதி முடித்த பிறகு, ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் 'திட்டமிடல்' எழுதப்படுகிறது. நடந்து முடிந்ததைத் திட்டம் என்று எழுதுவது பொய்க்கணக்கு எழுதுவதற்குச் சமம். இக்குறையைப் போக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. ஐம்பது பக்க அறிக்கை வேண்டாம். பயன்படுத்தப் போகிறவரிடம் நேரில் கேட்டு எழுதிய இரண்டு பக்கத் தேவைக் குறிப்பு, முதல் வரி நிரலுக்கு முன்பே கைக்கு வரட்டும். அதற்கென்று தனி நாளும் தனிப் புள்ளியும் ஒதுக்கப்பட வேண்டும். பயனர் கையேடும் அப்படியே: சிறுதோட்டக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு நாள் பாலைப் பதிவுசெய்துவிட்டால், அது நல்ல கையேடு.

மாணவர்கள் பெரும்பாலும் மறைக்கும் ஒப்படைப்பு ஒன்றும் உண்டு. அதுதான் சரிசெய்யப்படாத பிழைகளின் பட்டியல். புள்ளி குறையும் என்ற அச்சமே மறைப்பதற்குக் காரணம். உண்மையில், 'மழை நாளில் பால் வெட்டு இல்லை என்று பதிவுசெய்ய இச்செயலியில் வழியில்லை' என்று நேர்மையாக எழுதிக் கொடுக்கும் குழுவுக்குக் கூடுதல் புள்ளி தருவதே முறை. அடுத்த ஆண்டு அந்தச் செயலியைக் கையில் எடுக்கும் மாணவர்கள் முதலில் தேடப்போவது அந்தப் பட்டியலைத்தான்.