பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர்க் கசிவு: கர்ப்பத்திலேயே கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை பூலோ வட்டாரத்துத் தமிழ்ப் பெண்களிடையே பணியாற்றும் எங்கள் மகளிர் குழுவின் நிலைப்பாடு இது: பிள்ளை பெற்ற பின் யாருக்குச் சிறுநீர்க் கசிவு வரக்கூடும் என்பதைக் கர்ப்ப காலத்திலேயே விசாரித்து அறிய வேண்டும். அந்தக் கணிப்பு தடுப்புப் பயிற்சிக்குப் பயன்படட்டும். அறுவைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தள்ளும் சாக்காகக் கூடாது.

பிரசவமான முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு இந்தத் தொல்லை இருப்பதாக உலக ஆய்வுகள் காட்டுகின்றன. நம் பெண்கள் வெளியில் சொல்வதில்லை. தும்மினால் நனைந்துவிடுமோ என்று மாதம் முழுக்க நாப்கின் வைத்துக்கொள்கிறார்கள். சேலை நனைந்தால் சுத்தமில்லை என்று கோயிலுக்குப் போவதையே விட்டவர்களும் உண்டு. "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொன்னதும் பேச்சு நின்றுபோகிறது. அப்படி விட்டுவிடத் தேவையே இல்லை.

கர்ப்பத்துக்கு முன்போ கர்ப்பத்தின்போதோ கசிவு இருந்தவருக்கு ஆபத்து கூடுதல். அதிக உடல் எடை, வயது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்த கசிவு, பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் ஆகியவையும் கணக்கில் வரும். கர்ப்பகால இனிப்புநீர் குழந்தையைப் பெரிதாக்கும். மலேசிய இந்தியப் பெண்களிடம் அது அதிகம் என்பதால் நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும்.

பிரசவத்துக்கு 12 ஆண்டுகளும் 20 ஆண்டுகளும் கழித்து வரக்கூடிய ஆபத்தைச் சொல்லும் 'யூஆர்-சாய்ஸ்' கணிப்பான் 2018இல் வெளியானது. சுவீடன், பிரிட்டன், நியூசிலாந்துத் தாய்மாரின் விவரங்களை வைத்து உருவாக்கியது அது. அதன் எண்ணை நம் பெண்ணின் தலையெழுத்தாக வாசிக்கக் கூடாது. மலேசியத் தாய்மாரிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; அதற்கு சுங்கை பூலோவிலேயே அரசாங்க மருத்துவமனையும் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகமும் இருக்கின்றன. எண் பெரிதாக வந்தாலும், அறுவைப் பிரசவம் கசிவின் வாய்ப்பைக் குறைக்குமே ஒழிய இல்லாமல் செய்யாது. அடுத்த கர்ப்பத்துக்கு அது வேறு ஆபத்துகளையும் கொண்டுவரும்.

பயிற்சியின் பலன் தெளிவானது. கசிவில்லாத கர்ப்பிணிகள் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைத் தொடங்கினால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கசிவு வரும் ஆபத்து சுமார் 60 விழுக்காடு குறைவதை 2020இன் காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பிள்ளை பெற்ற பின் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவது இதற்கு ஈடாகாது.

கர்ப்பிணியின் பரிசோதனைப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஆபத்தைப் பிரித்துக் காட்டும் முறை நம் கிளினிக்குகளில் ஏற்கெனவே உண்டு. கசிவு பற்றிய கேள்வியும் கர்ப்பகாலப் பரிசோதனையில் தவறாமல் இடம்பெற வேண்டும். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் மிஸ்ஸி (தாதி), தையலையும் குழந்தையின் தொப்புளையும் பார்க்கும்போது இதையும் கேட்கட்டும். மாமியாரை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம், தனியாக, தமிழில் கேட்கட்டும்: "இருமினா, தும்மினா, பிள்ளையத் தூக்கினா ஒண்ணுக்குக் கசியுதாம்மா?" ஆமென்றால் அன்றைக்கே பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.