கார் மூடி: கண்ணாடி இழையா? கரி இழையா?

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் சந்தவாசல். வேலூரில் இருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் வண்டிகள் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகின்றன. படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்குப் போகிறவர்கள் இங்கே திரும்புகிறார்கள். ஆடி மாதம் வந்துவிட்டால் கார்களுக்குப் பஞ்சம் இல்லை.

ஒரு காலத்தில் கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். இப்போது அப்படி இல்லை. விளைந்ததை விற்று, நகையை அடகு வைத்து, கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்குகிறார்கள். சிலர் அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார்கள். சிலர் கல்யாணம், கோவில் என்று குடும்பத்தோடு போய் வருகிறார்கள்.

கார் வந்ததும் ஆசையும் வருகிறது. ஆசை முதலில் எதன் மேல் பாய்கிறது? முன்பக்கத்து மூடியின் மேல்! என்ஜினை மூடி இருக்கும் இந்தத் தகட்டுக்குப் பெயர் பானட். மனிதனுக்கு முகம் எப்படியோ, காருக்குப் பானட் அப்படி.

"இரும்பு மூடியைக் கழற்றி விட்டு, பைபர் மூடி போடு" என்கிறார் ஒருவர். "பைபர் எதற்கு? கார்பன் மூடி போடு. பந்தயக் கார் மாதிரி இருக்கும்" என்கிறார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பு, இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

மண்ணும் வைக்கோலும்

கிராமத்தில் மண்சுவர் வைக்கும்போது என்ன செய்வார்கள்? மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்பார்கள். வெறும் மண் காய்ந்ததும் வெடித்துவிடும். வைக்கோல் சேர்ந்தால் வெடிக்காது. வைக்கோல் இழுத்துப் பிடிக்கிறது. மண் அதைச் சுற்றி இறுகிக்கொள்கிறது.

பைபர் மூடியும் கார்பன் மூடியும் இதே தத்துவத்தில்தான் செய்யப்படுகின்றன. வைக்கோலுக்குப் பதில் மெல்லிய இழை. மண்ணுக்குப் பதில் 'ரெசின்' என்ற பிசின். அச்சின் மேல் இழைத் துணியை விரித்து, பிசினைப் பூசுகிறார்கள். பிசின் இறுகியதும் அச்சில் இருந்து எடுத்தால் மூடி தயார்.

இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இழைதான்.

இடியாப்பமும் கரி மூட்டமும்

பைபர் மூடியில் இருப்பது கண்ணாடி இழை. கண்ணாடியை உருக்கி, மிகச் சிறிய துளைகளின் வழியே, இடியாப்பம் பிழிவதுபோல் இழுத்து நூலாக்குகிறார்கள். கையில் இருந்து விழுந்தால் உடையும் கண்ணாடி, நூலானதும் வளைகிறது. இழுத்தாலும் எளிதில் அறுவது இல்லை.

கார்பன் மூடியில் இருப்பது கரி இழை. விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காற்றை அடைத்துவிட்டால் விறகு சாம்பலாகாது. கரியாகும். அதே வேலையை நூலுக்குச் செய்கிறார்கள். கம்பளிச் சட்டை பின்னுகிற அக்ரிலிக் நூலின் ஜாதியைச் சேர்ந்தது இந்த நூல். அதை முதலில் பக்குவமாகச் சூடேற்றி, பிறகு காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மிஞ்சுவது கன்னங்கரேல் என்ற இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது!

இந்தக் கரி இழை, கண்ணாடி இழையைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு உள்ளது. எடையும் குறைவு. ஆனால் விலை பல மடங்கு. செய்முறை அவ்வளவு கடினம்.

படகு சொல்லும் பாடம்

கண்ணாடி இழையைத் தமிழ்நாட்டுக்காரர்கள் புதிதாக அறிய வேண்டியது இல்லை. கடற்கரைக்குப் போனால் போதும். கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இன்று பைபர் படகுகள் நிற்கின்றன. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து படகுகளை அழித்தது. அதற்குப் பிறகு பைபர் படகுகள் இன்னும் பெருகின. அலையில் அடிபட்டு ஓட்டை விழுந்தால், கரையிலேயே இழைத் துணி வைத்து, பிசின் பூசி அடைத்து விடுகிறார்கள்.

இதுதான் கண்ணாடி இழையின் பெரிய குணம். துருப்பிடிக்காது. உடைந்தாலும் ஒட்டலாம். சின்ன ஊரிலும் வேலை தெரிந்த ஆள் கிடைப்பார்.

அமெரிக்காவில் செவர்லே கம்பெனி 1953-ம் ஆண்டு 'கார்வெட்' என்ற காரை வெளியிட்டது. முதல் ஆண்டில் 300 கார்கள். எல்லாவற்றுக்கும் உடல் கண்ணாடி இழைதான். 1980-களில் பெங்களூரில் இருந்து வந்த சிபானி 'டால்பின்' காரும் பைபர் உடல் கொண்டதுதான்.

கோவை கண்ட வழி

கோவையைச் சேர்ந்த கரிவரதன் பந்தயக் கார்களில் பேர் பெற்றவர். வெளிநாட்டுப் பந்தயக் கார்களின் விலை நம் நாட்டு இளைஞர்களுக்கு எட்டாது. அதனால் மாருதி காரின் என்ஜினை வைத்தே, குறைந்த செலவில் பந்தயக் கார் செய்தார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். இரும்புக் குழாயால் எலும்புக்கூடு. அதன் மேல் கண்ணாடி இழையால் போர்வை. மோதி உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம், மறுபடியும் ஓட்டலாம்.

அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ம் ஆண்டு, 'பார்முலா ஒன்' பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவை அருகே உள்ள பந்தய மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பழகுகிறவர்களுக்குக் கண்ணாடி இழை போதும் என்று காட்டியவை அந்தக் கார்கள்.

உயிர் காத்த கரி

அப்படியானால் கரி இழை வெறும் பகட்டா? இல்லை. அதற்கும் ஒரு இடம் உண்டு.

1981-ம் ஆண்டு, 'மெக்லாரன்' பந்தயக் கம்பெனி ஒரு காரைக் களத்தில் இறக்கியது. ஓட்டுகிறவர் உட்காரும் கூடு முழுவதும் கரி இழை. வடிவமைத்தவர் ஜான் பர்னார்டு. "அடிபட்டால் தூள் தூளாகிவிடும்" என்று பலர் பயந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில் மோன்சா என்ற இடத்தில் பந்தயம். ஜான் வாட்சன் ஓட்டிய அந்தக் கார் பயங்கர வேகத்தில் தடுப்பில் மோதியது. என்ஜின் தனியே பிய்ந்துகொண்டு போனது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். வாட்சன் கூட்டில் இருந்து இறங்கி நடந்து வந்தார்!

அன்றோடு பயம் போனது. இன்று பார்முலா ஒன் கார்கள் எல்லாம் கரி இழைக் கூடுதான். நம் நாட்டின் 'தேஜஸ்' போர் விமானத்திலும் கரி இழை பெரும் பங்கு வகிக்கிறது.

ஒரு நொடி முந்தினால் வெற்றி என்ற இடத்தில் கரி இழைக்குக் கொடுக்கும் பணம் தகும். மலை ஏறும் வாடகைக் காருக்கு அது தகுமா?

எடைக் கணக்கு

சின்னக் காரின் இரும்பு மூடி சுமார் 10 கிலோவில் இருந்து 15 கிலோ வரை இருக்கும். கரி இழை மூடி போட்டால் அதில் பாதி குறையலாம். அதாவது 5, 7 கிலோ. ஒரு கைக்குழந்தையின் எடை!

ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ. மூட்டை முடிச்சு வேறு. அந்தக் காரில் 7 கிலோ குறைந்தால் எவ்வளவு பெட்ரோல் மிச்சமாகும்? கண்ணுக்கே தெரியாது.

இதில் ஏமாற்று வேலையும் உண்டு. கண்ணாடி இழையால் மூடி செய்து, மேலே ஒரே ஒரு அடுக்குக் கரித் துணி ஒட்டுகிறார்கள். பார்வைக்குக் கார்பன். எடையிலோ பைபர். சிலவற்றில் அந்தத் துணிகூட இல்லை. கட்டம் போட்ட ஸ்டிக்கர்தான்! வாங்குகிறவர்கள் மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வெயிலும் ஒரு எதிரி. வெயிலைத் தாங்கும் வார்னீஷ் நன்றாகப் பூசாவிட்டால், கரி இழை மூடியின் பளபளப்பு மஞ்சளாகிவிடும். பைபர் மூடியிலும் மட்டமான பிசினைப் பூசியிருந்தால் என்ஜின் சூட்டில் நெளியும். மேல் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும்.

மூடிக்கும் வேலை உண்டு

மூடி வெறும் அழகுக்கு என்று நினைப்பது தவறு. கம்பெனி பொருத்தும் இரும்பு மூடி, எதிரே மோதினால் நடுவில் மடங்கும்படி செய்யப்பட்டது. மடங்காமல் பின்னால் வந்தால் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருப்பவர்கள் மேல் பாயும். சாலையில் நடப்பவர் மேல் கார் மோதினால், அவர் தலை விழும் இடமும் இதே மூடிதான். மூடி நசுங்கிக் கொடுத்தால் அடி குறையும். சந்தை நாளில் சாலை ஓரமாக நடந்து வரும் பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

பூட்டும் முக்கியம். மெல்லிய பைபரில் பூட்டை அப்படியே திருகினால் பிய்த்துக்கொண்டு வரும். வேகமாகப் போகும்போது மூடி எழுந்து கண்ணாடியை மறைத்தால் என்ன கதி? பூட்டும் இடத்தில் இரும்புப் பட்டை வைத்துப் பலப்படுத்தி இருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. காரின் நிறமும் எடையும் பதிவில் இருப்பவை. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்து நேரத்தில் நஷ்டஈடு கிடைப்பது சிக்கலாகலாம்.

பட்டறைப் பையன்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இழையை அறுக்கும் தூசி தோலை அரிக்கும். மூச்சில் போனால் கெடுதல். முகமூடி வேண்டும். பிசினை இறுக வைக்கும் மருந்து கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிசினில் சேர்க்கும் இரண்டு மருந்துகளையும் ஒன்றோடொன்று நேரே கலந்தால் தீப்பிடிக்கும்.

எதை வாங்குவது?

பழைய மூடி நன்றாக இருக்கிறதா? அதுவே போதும். மாற்ற வேண்டாம்.

துருப்பிடித்தோ நசுங்கியோ போய்விட்டதா? அதே காருக்குக் கம்பெனி செய்த இரும்பு மூடியைத் தேட வேண்டும். அது கிடைக்காத பழைய காராக இருந்தால், தடிப்பாக, பட்டை வைத்துச் செய்த கண்ணாடி இழை மூடியைச் சட்டப்படி போடலாம்.

பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவர்கள் கரி இழை வாங்கட்டும். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

சந்தவாசலில் இருந்து மலைச்சாலையில் ஏறுகிற காருக்கு வேண்டியது வேறு. தேயாத டயர். பிடிக்கும் பிரேக். எரியும் விளக்கு. கார்பன் மூடிக்கு எடுத்து வைத்த பணம் கையில் இருந்தால், முதலில் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். அது மீந்தால், கடனில் ஒரு தவணை கட்டலாம்.

மூடி பளபளத்தால் ஊர் திரும்பிப் பார்க்கும். பிரேக் பிடித்தால் ஓட்டப் போனவர் வீடு திரும்புவார்.